உஷார்! பரண்மேல் ரேடியோவுக்குப் பத்து லட்சம் தர ஆள் வரும்

உத்திரமேரூர், மானாம்பதி, பெருநகர், சாலவாக்கம் சுற்றுவட்டாரத்தில் பழைய வால்வு ரேடியோ வைத்திருக்கும் பெரியவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் அவசரமாக ஒரு சேதி. பழைய ரேடியோவுக்குள் லட்சக்கணக்கில் விலை போகும் சிவப்புப் பாதரசம் இருப்பதாக ஒரு கதை சுற்றுகிறது. உங்கள் ரேடியோவுக்குள் அது இல்லை. வால்வுக்குள் இல்லை, டயலுக்குப் பின்னால் இல்லை, ஸ்பீக்கர் காந்தத்தில் இல்லை. பழைய கறுப்பு வெள்ளை டிவியிலும் இல்லை. கதையில் சொல்கிற மாதிரி ஒரு சிவப்புப் பாதரசம் உலகத்தில் எங்குமே இல்லை. இருக்கிறது, லட்சக்கணக்கில் விலை தருகிறேன் என்று யார் வாசலில் வந்து நின்றாலும், அவர் குறி உங்கள் ரேடியோ மேல் இல்லை; உங்கள் பணத்தின் மேல்.

கொரோனா காலத்தில் தமிழ்நாட்டிலும் பக்கத்து மாநிலங்களிலும் இந்தக் கதை வாட்ஸ்அப்பில் பற்றிக்கொண்டு ஓடியது. பரணிலும் மாட்டுக் கொட்டகையிலும் கிடந்த பெட்டிகளைத் தேடி ஆட்கள் அலைந்தார்கள். பிறகு பேச்சு அடங்கியது. அடங்கியதால் ஒழிந்தது என்று இருந்துவிடாதீர்கள். இந்த மாதிரிப் புரளி சில வருஷம் படுத்துக் கிடக்கும். ஜனம் மறந்த நேரம் பார்த்து வேறு ஊரில் எழுந்து உட்காரும். ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தவர் எடை போட்டு, பண்டத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது வருகிறவர் எடையே போடமாட்டார். கனவை மட்டும் கொடுத்துவிட்டுப் போவார்.

இதில் மாட்டுபவர்கள் எல்லாம் பேராசைக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். பழைய பாட்டிலும் பழைய பெட்டியிலும் மனசை வைத்திருக்கும் ரசிகர்கள்தான் முதல் குறி. அது ஏன் என்று புரிந்துகொண்டால்தான் தப்பிக்கும் வழியும் புரியும்.

பாட்டு சேர்த்த கூட்டம்

சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் 1924 ஜூலை 31ல் ரேடியோ கிளப்பின் ஒலிபரப்பு தொடங்கியது. 1938 ஜூன் 16ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. கிராமத்துக்கு ரேடியோ வந்தது பெரும்பாலும் பஞ்சாயத்து வழியாக. அலுவலகத்தில் ஒரு பெட்டி, வெளியே கம்பத்தில் கூம்பு ஒலிபெருக்கி, சாயங்காலம் சுற்றி உட்கார்ந்து கேட்கும் ஊர். சொந்தமாக ரேடியோ வைத்தால் அஞ்சலகத்தில் வருஷத்துக்கு 15 ரூபாய் லைசென்ஸ் கட்ட வேண்டும். அந்தக் கட்டணம் 1980களின் நடுவில்தான் ஒழிந்தது. தஞ்சைப் பக்கம் ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்தை வானொலியில் கேட்டு விதைத்த விவசாயிகள் அதற்கு ரேடியோ நெல் என்றே பெயர் வைத்தார்கள். அந்த அளவுக்கு அந்தப் பெட்டியின் பேச்சுக்கு மதிப்பு.

பிறகு சிலோன் வானொலி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரின் குரலை வைத்தே நேரத்தைச் சொன்ன தலைமுறை இன்னும் இருக்கிறது. விருப்பப் பாட்டுக்கு அஞ்சலட்டை எழுதி, கூடவே தங்கை, மச்சான், பக்கத்து வீட்டுக்காரர் என்று பெயர்ப் பட்டியல் போட்டு, அந்தப் பெயர்கள் கடல் தாண்டித் திரும்பி வருவதைக் கேட்கக் காத்திருந்தவர்கள் அவர்கள். பிபிசி தமிழோசைக்கும் வேரித்தாஸ் வானொலிக்கும் கடிதம் எழுதியவர்கள் உண்டு. சீன வானொலித் தமிழ்ப் பிரிவுக்காக ஊர் ஊராக நேயர் மன்றம் வைத்தவர்களும் உண்டு.

இந்தக் கூட்டம் இன்றும் ஒன்றை ஒன்று தேடிப் பிடிக்கிறது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய தட்டைப் புரட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பேர், பத்து நிமிஷத்தில் பெயர் தெரியாமலே சிநேகிதர்கள் ஆகிவிடுகிறார்கள். ஒருவரிடம் வால்வு உபரியாக இருக்கும். இன்னொருவருக்கு டயல் கயிறு கட்டத் தெரியும். ஒருவரிடம் மர்பி, இன்னொருவரிடம் புஷ், மூன்றாமவரிடம் பிலிப்ஸ். மாற்றிக்கொள்வார்கள், கடன் கொடுப்பார்கள், வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போடுவார்கள். ரசீது என்று ஒன்றும் கிடையாது. வாய்ச்சொல்தான் கணக்கு.

அந்த நம்பிக்கைக்குள்தான் எத்தன் நுழைகிறான். அவனுக்கும் மயில்வாகனம் பெயர் தெரியும். சரோஜ் நாராயணசுவாமி செய்தி வாசித்த நேரம்கூடத் தெரிந்து வைத்திருப்பான். பேச்சை வைத்து அவனைக் கண்டுபிடிக்க முடியாது. கேள்வியை வைத்துக் கண்டுபிடிக்கலாம். ரசிகர் கேட்கும் முதல் கேள்வி "பாடுதா?" என்பது. எத்தனுக்குப் பாட்டு எக்கேடு கெட்டாலும் கவலை இல்லை. "யாராச்சும் தொறந்து பார்த்தாங்களா? உள்ள சின்னதா ஒரு குப்பி இருக்குமே?" என்றுதான் அவன் வாய் திறக்கும்.

ஐந்து படியில் ஆள் காலி

இந்த மோசடி நடக்கும் விதம், கோபுரக் கலசத்தில் இரிடியம் இருப்பதாகச் சொல்லி நடந்த பழைய மோசடியின் அச்சு. ஊர் மாறலாம், பொருள் மாறலாம், படிகள் மாறுவதில்லை.

முதல் படி, விற்காதே என்ற உபதேசம். டீக்கடையில் பேச்சுக் கொடுப்பார் ஒருவர். "பெரியவரே, அந்தக் காலத்து ரேடியோ வச்சிருக்கீங்களாமே? காயலான் கடையில போட்டுடாதீங்க. அதுக்கு இன்னைக்கு என்னா மார்க்கெட் தெரியுமா?" விற்கச் சொன்னால் சந்தேகம் வரும், விற்காதே என்பவர் மேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

இரண்டாவது படி, சோதனை. சில நாளில் காரில் "கம்பெனி ஆள்" வருவார். செல்போனை ரேடியோவின் பக்கத்தில் கொண்டுபோவார்; லைன் கட்டாகும். உள்ளே சரக்கு இருப்பதற்கு அதுதான் சாட்சி என்பார். பூண்டைக் கண்டால் விலகி ஓடும், தங்கத்தைக் கண்டால் ஒட்டும், கண்ணாடியில் அதன் பிம்பம் தெரியாது என்று ஒரு வீடியோவும் காட்டுவார்.

மூன்றாவது படி, தூண்டில் புழு. பத்து லட்சம் என்று விலை பேசி, ஐயாயிரம் ரூபாய் அட்வான்ஸும் கையில் கொடுப்பார். பணம் கொடுத்த ஆளைத் திருடன் என்று நம்ப மனசு வராது. அந்த ஐயாயிரம் அவருடைய முதலீடு.

நான்காவது படி, கட்டணம். லேப் டெஸ்ட்டுக்கு இருபதாயிரம், கதிர்வீச்சு சர்ட்டிபிகேட்டுக்கு நாற்பதாயிரம், வரிக்கு ஒரு லட்சம், டெல்லியில் ஒரு கையெழுத்துக்கு இன்னும் கொஞ்சம். "கடைசி ஒரு பேப்பர்தான் பாக்கி" என்ற வார்த்தை பத்து தடவை வரும். ஏற்கெனவே கட்டிய பணத்தைக் காப்பாற்றத்தான் ஜனங்கள் மேலும் மேலும் கட்டுகிறார்கள்.

ஐந்தாவது படி இன்னும் மோசம். "உங்க பெட்டியில சரக்கு கம்மி. இந்த மாடல் ஒண்ணு தேடிக் குடுங்க, இருபது லட்சம்" என்பார். மறுவாரமே பக்கத்து ஊரில் அதே மாடலை வைத்திருக்கும் ஒருவர் தற்செயலாகக் கண்ணில் படுவார். இரண்டு லட்சத்துக்குக் குறையமாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பார். நகையை அடகு வைத்து வாங்குவீர்கள். அதன் பிறகு இருபது லட்சக்காரரின் போன் எடுக்காது. விற்றவரும் வாங்குவதாகச் சொன்னவரும் ஒரே கும்பல்.

மண்ணுளிப் பாம்பும் கோபுரக் கலசத்து இரிடியமும் இதே படிகளில்தான் ஆட்களை ஏற்றி இறக்கின. ரிசர்வ் வங்கியின் பெயரில் போலி ஆவணம் காட்டிப் பணம் பறித்த இரிடியம் கும்பல்களைச் சி.பி.சி.ஐ.டி. கைது செய்திருக்கிறது. பழைய நாணயமும் நோட்டும் வாங்குவதாகச் சொல்லிக் கட்டணம், கமிஷன், வரி என்று கேட்பவர்கள் தன் பெயரைப் பயன்படுத்துகிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட்டில் எச்சரித்தது. இந்த எல்லாக் கதையிலும் மாறாத ஒரே அடையாளத்தை மனப்பாடம் செய்யுங்கள். பொருளை வாங்க வந்தவர் உங்களிடம் பணம் கேட்டால், அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே உண்மையில் என்ன இருக்கிறது?

வால்வைக் கையில் எடுத்துப் பார்த்தால் கண்ணாடியின் உட்புறம் வெள்ளி மாதிரிப் பளபளக்கும் ஒரு பூச்சு தெரியும். பாதரசம் என்று காட்டி ஏமாற்றுவது இதைத்தான். அது பேரியம். வால்வுக்குள் மிச்சமிருக்கும் காற்றை உறிஞ்சி வெற்றிடத்தைக் காப்பாற்ற வைத்தது. கண்ணாடியில் விரிசல் விழுந்து காற்று புகுந்தால் அந்தப் பளபளப்பு வெள்ளையாக வெளுத்துவிடும். வால்வு செத்ததற்கு அதுவே அடையாளம். 1930களில் பிலிப்ஸ் வெளியிட்ட சில வால்வுகள் வெளிப்புறம் முழுக்கச் சிவப்பாக இருக்கும். அது உலோகப் பூச்சின் மேல் அடித்த வண்ணம். ஸ்டேஷன் சரியாகப் பிடிபட்டதைப் பச்சை வெளிச்சத்தில் காட்டும் மாயக்கண் வால்வும் அதிசயப் பொருள் கிடையாது. பாதரச ஆவி நிரப்பிய வால்வுகள் இருந்தது உண்மை; அவை பெரும்பாலும் வேலை செய்தது ஒலிபரப்பு நிலையங்களில், பெரிய பெரிய டிரான்ஸ்மிட்டர்களில். வீட்டு ரேடியோவுக்குப் பொதுவாக அவை தேவைப்படவில்லை.

சிவப்பான பாதரசச் சேர்மம் இல்லாமலும் இல்லை. சித்த மருத்துவத்தில் லிங்கம் என்று சொல்வது பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சிவப்புப் பொருள்தான். அதற்குக் கோடி ரூபாய் விலை கிடையாது. தங்கத்தோடு ஒட்டுவதும் சாதாரணப் பாதரசத்தின் குணம். பொற்கொல்லர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த விஷயம்.

அணுகுண்டுக்குப் பயன்படும் ரகசியப் பொருள் என்று சிவப்புப் பாதரசக் கதை சோவியத் காலத்தின் கடைசியில் கிளம்பியது. அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சர்வதேச அணுசக்தி முகமை 2004ல் சொல்லிவிட்டது. கதை நிற்கவில்லை. 2009ல் சவுதி அரேபியாவில் சிங்கர் தையல் மிஷினின் ஊசியில் இது இருக்கிறது என்று புரளி கிளம்பி, ஓட்டை மிஷின்கள் லட்சக்கணக்கான ரூபாய்க்குக் கை மாறின. அங்கும் செல்போனை ஊசிப் பக்கம் கொண்டுபோவதுதான் சோதனை. நம் ஊரில் தையல் மிஷின் இருந்த இடத்தில் ரேடியோ வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

புரளியை நம்பி உடைத்துப் பார்ப்பது அடுத்த ஆபத்து. பழைய டிவியின் பிக்சர் டியூப் வெற்றிடமானது. அடித்தால் கண்ணாடிச் சில்லு முகத்தில் தெறிக்கும். ஸ்விட்சை அணைத்த பிறகும் அதற்குள் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னேற்றம் தங்கியிருக்கும். பாதரசம் வேண்டும் என்று டியூப் லைட்டையும் தெர்மாமீட்டரையும் உடைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பாதரச ஆவி கண்ணுக்குத் தெரியாமல் மூச்சுக்குள் போகும். கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை பாதரசக் கழிவுப் பிரச்சினையில் 2001ல் மூடப்பட்டது. அந்த மண்ணைச் சுத்தம் செய்யும் விவகாரம் அதற்குப் பிறகும் எத்தனையோ வருஷம் நீண்டது.

வாங்குபவருக்கும் வலை உண்டு

விற்பவரை ஏமாற்றுவது ஒரு பக்கம். வாங்கும் ரசிகரை ஏமாற்றுவது இன்னொரு பக்கம். பித்தளைக் குழலோடு, நாய்ப் படத் தகட்டோடு, எண்ணெய் போட்டுத் தேய்த்த பெட்டியோடு பளபளவென்று ஒரு கிராமபோன் கண்ணில் பட்டால், அது பெரும்பாலும் நேற்றுச் செய்தது. பழைய சூட்கேஸ் கிராமபோனின் மோட்டாரை உருவி, புதுப் பெட்டியில் மாட்டி, மெல்லிய பித்தளைத் தகட்டில் பூ மாதிரிக் குழல் செய்து விற்பது வட இந்தியாவில் பல வருஷமாக நடக்கும் தொழில். கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் அது வந்து நிற்கும்.

பார்க்க வேண்டியவை சில. தகட்டில் உள்ள எழுத்து மழுங்கி, பிழையோடு இருக்கிறதா? மரத்தின் உட்புறம் புது வாசனை அடிக்கிறதா? தேய்மானம் கைபடும் இடத்தில் இருக்கிறதா, இல்லை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சாயம் பூசியது போல் இருக்கிறதா? சாவி கொடுத்து ஒரு பக்கம் முழுக்க ஓடவிடுங்கள். பாதியில் வேகம் குறைந்து குரல் இழுத்தால் ஸ்பிரிங் போயிருக்கிறது. பாடவிட்டுக் காட்டாத கிராமபோனுக்கு அலங்காரப் பொருள் விலைதான் கொடுக்கலாம்.

தட்டுக்கும் இதே கதை. 1960களில் பீட்டில்ஸ் பாடல்கள் இந்தியாவில் 78 வேகத் தட்டில் அச்சானது உண்மை. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடுவதும் உண்மை. அதைக் காட்டி "78 தட்டு எல்லாமே லட்சம் பெறும்" என்று கிளப்பிவிடுவது பொய். ஆயிரக்கணக்கில் அச்சான சினிமாப் பாட்டுத் தட்டு, கீறல் விழுந்திருந்தால் கேட்கும் ஆசைக்கு மட்டுமே விலை. சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் போன்றவர்களின் சேகரிப்புக்குப் பெருமை வந்தது, எந்தத் தட்டு எது, பாடியவர் யார் என்ற அறிவால். அந்த விவரம் இல்லாமல் குவித்து வைத்தது வெறும் பாரம்.

வாங்கிய பிறகு நாமே கெடுப்பதும் உண்டு. 78 தட்டு அரக்கும் கல்பொடியும் கலந்தது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் அரக்கு கரையும், பாட்டும் போகும். எல்.பி. தட்டைக் கிராமபோனில் வைக்கவே கூடாது. அதன் தலை நூறு கிராமுக்கு மேல் எடையும் இரும்பு ஊசியுமாக அழுத்தி, ஒரே சுற்றில் பள்ளத்தை உழுதுவிடும். இரும்பு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும் என்பது அந்தக் காலத்து விதி. இன்றைக்கும் அதுவே விதி.

வெளிநாட்டு உறவினர் கேட்டார் என்று நூறு வருஷம் தாண்டிய பொருளைப் பார்சல் கட்டுவதற்கு முன் யோசியுங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, சரித்திர மதிப்புள்ள பொருள் நூறு வருஷம் கடந்தால் தொல்பொருள் ஆகிவிடும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது.

பிளக்கைச் சொருகாதீர்கள்!

இதுவரை சொன்னது பணம் போகும் கதை. இது உயிர் போகும் கதை.

அப்பா காலத்து ரேடியோவைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டியதும் எல்லோருக்கும் வரும் முதல் ஆசை, கரண்ட் கொடுத்துப் பார்ப்பது. தயவுசெய்து வேண்டாம். டிரான்ஸ்பார்மர் இல்லாத ஏசி/டிசி செட்டுகளில் மின்கம்பியின் ஒரு முனை நேராகச் சேஸிஸ் என்னும் உலோகச் சட்டத்தோடு சேர்ந்திருக்கும். ரெண்டு பின் பிளக்கைத் திருப்பிச் சொருகினால் போதும், மொத்தச் சேஸிசிலும் 230 வோல்ட் நிற்கும். குமிழ் உடைந்து இரும்புத் தண்டு வெளியே தெரிகிற செட்டில், வால்யூம் வைக்கப் போகும் விரல் நேராக ஃபேஸைத் தொடுகிறது. பின்பக்க அட்டை இல்லாத செட்டைக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் வைத்திருப்பதே தப்பு.

முப்பது நாற்பது வருஷம் சும்மா கிடந்த கன்டென்சர்கள் உள்ளே காய்ந்து போயிருக்கும். திடீரென்று முழு கரண்ட் கொடுத்தால் வெடிக்கும். அதோடு டிரான்ஸ்பார்மரும் கருகும். அப்புறம் எந்த மெக்கானிக்கிடம் போனாலும் புதிதாகச் சுற்றித்தான் ஆக வேண்டும். எலி கடித்த ஒயர், உதிரும் ரப்பர் உறை எல்லாம் தீப்பிடிக்கக் காத்திருப்பவை. அணைத்த பிறகும் பெரிய கன்டென்சரில் 250, 300 வோல்ட் தங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டேன் என்ற தைரியத்தில் கை விடக் கூடாது.

வால்வு செட் தெரிந்த பழைய மெக்கானிக்குகள் முதலில் சீரிஸ் லாம்ப் போட்டுத்தான் கரண்ட் கொடுப்பார்கள். நூறு வாட் குண்டு பல்பு ஒன்றை வரிசையில் சேர்ப்பது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து சொல்லிவிடும், செட் பிழைக்கும். ஒன்றை மறக்க வேண்டாம். சீரிஸ் லாம்ப் செட்டைத்தான் காக்கும், ஆளைக் காக்காது. யூடியூப் பார்த்துத் தனியாக இதைச் செய்து பார்க்கிற விஷயம் இல்லை. ஊரில் வால்வு தெரிந்த கை ஒன்று மிச்சம் இருந்தால் அவரிடம் போங்கள். கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

டிரான்சிஸ்டர் செட்டில் இவ்வளவு ஆபத்து இல்லை. ஆனால் உள்ளே போட்ட பேட்டரிக் கட்டையை மறந்துவிட்டால், அது கசிந்து ஸ்பிரிங்கையும் சர்க்யூட்டையும் அரித்துவிடும். வெயிலில் காய வைத்து இன்னும் நாலு பாட்டு கேட்ட பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கேட்காத நாளில் கட்டை வெளியே இருக்கட்டும்.

கேசட்டைக் கொடுத்தால் திரும்பாது

பாட்டு கேசட் போனால் வேறு வாங்கலாம். தாத்தா பேசிய கேசட், அக்கா கல்யாணத்து நலங்குப் பாட்டு, ஊர்த் திருவிழாவில் பதிந்த தெருக்கூத்து, இவற்றுக்கு வேறு பிரதி உலகத்தில் இல்லை. "மொத்தமா குடுங்க, பென்டிரைவ்ல ஏத்தித் தரேன்" என்று வீடு தேடி வருகிறவரிடம் அள்ளிக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் ஒரே ஒரு கேசட், அதுவும் போனால் பரவாயில்லை என்கிற ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். மூலக் கேசட் திரும்பி வந்த பிறகுதான் அடுத்தது. வெள்ளைப் பூஞ்சை படிந்த நாடாவை அப்படியே ஓடவிட்டால் நாடாவும் போகும், பிளேயரின் ஹெட்டும் கெடும். பதிவு அழியாமல் இருக்க மேல் விளிம்பில் உள்ள இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தாவலை உடைத்துவிடுங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் அடுக்காதீர்கள். காந்தம் மெதுவாகக் குரலைத் தின்றுவிடும்.

"சிலோன் எடுக்கும் சார், கேரண்டி" என்று சொல்லி விற்கும் செட்டிலும் கவனம். அந்தக் காலத்துச் சிற்றலை வரிசை இன்று அப்படியே இல்லை. பிபிசி தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ல் நின்றுவிட்டது. மத்திய அலையில் சென்னை நிலையத்தை 720ல் தேடினாலும், வீட்டு எல்.இ.டி. பல்பும் செல்போன் சார்ஜரும் சேர்ந்து இரைச்சலைத்தான் கொடுக்கும். அவற்றை அணைத்துவிட்டு, சாயங்காலம், விற்பவர் முன்னாலேயே கேட்டுப் பார்த்து வாங்குங்கள். பாடாததற்குக் காரணம் சொல்பவரிடம் பாடும் செட்டின் விலையைக் கொடுக்காதீர்கள்.

இன்றே செய்ய வேண்டியவை

1. உங்களிடம் இருக்கும் செட், தட்டு, கேசட் பற்றிய படத்தையும் விலாசத்தையும் முன்பின் தெரியாதவர்கள் இருக்கும் குழுவில் போடாதீர்கள். ஆள் வருவது அந்தப் படத்தைப் பார்த்துத்தான்.

2. "சோதனை" என்று யாரையும் செட்டைத் திறக்க விடாதீர்கள். வால்வைக் கழற்றி வேறொன்றைச் செருக ஒரு நிமிஷம் போதும்.

3. விற்பதற்கு முன் வால்வு, ரேடியோ தெரிந்த இரண்டு பேரிடம் தனித்தனியாக விலை கேளுங்கள். வருகிறவரே கூட்டி வரும் "எக்ஸ்பர்ட்" அந்தக் கணக்கில் சேரமாட்டார்.

4. பணம் வர வேண்டிய இடத்தில் கியூ.ஆர். கோடு ஸ்கேன் செய்யச் சொன்னால், பின் நம்பர் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை.

5. பெயர், விலாசம், தேதி, மாடல், தொகை எழுதிய துண்டுச்சீட்டு இல்லாமல் எதையும் கை மாற்றாதீர்கள், சிநேகிதராக இருந்தாலும் சரி. வாரியம் என்ற நிர்வாகக் குழுவில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வரக்கூடாது என்று கி.பி. 921ல் கல்லில் வெட்டி வைத்தது இந்த உத்திரமேரூர் சபை. கணக்குக் கேட்பது இந்த ஊரில் மரியாதைக் குறைவு ஆகாது.

6. ஏமாந்துவிட்டால் மறைக்காதீர்கள். ஆன்லைனில் பணம் போயிருந்தால் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள். நேரம் ஆக ஆகப் பணத்தைத் தடுத்து நிறுத்துவது கஷ்டம். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் எழுதுங்கள். வண்டி நம்பர், போன் நம்பர், பேசிய பதிவு எதையும் அழிக்காதீர்கள். "நீங்களும் சட்ட விரோதச் சரக்குதானே விக்கப் பார்த்தீங்க, உள்ள தள்ளிடுவாங்க" என்று அந்தக் கும்பல் மிரட்டும். பயப்பட வேண்டாம். இல்லாத பொருளை நீங்கள் விற்றிருக்க முடியாது.

பிள்ளைகளுக்குக் கடைசியாக ஒன்று. அப்பாவும் தாத்தாவும் ஏமாந்ததை வெட்கப்பட்டு வெளியே சொல்வதில்லை. முதல் கட்டணம் போனபோது வாய் திறந்திருந்தால் அடுத்த கட்டணம் போயிருக்காது. "அந்த ரேடியோவைக் கேட்டு யாராவது வந்தாங்களா? பணம் ஏதாவது கேட்டாங்களா?" என்று திட்டாமல், சிரிக்காமல், இன்று ராத்திரி சாப்பிடும்போதே கேட்டுவிடுங்கள்.